கோணங்களை ஜோடியாகப் படியுங்கள்: வைரம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தரச்சான்றிதழில் அச்சாகியிருக்கும் டிகிரிகளையும் சதவீதங்களையும் பற்றியவை. வழக்கமாக நிறத்தையும் தூய்மையையும் பற்றித்தான் கேட்பார்கள். கல்லைத் தீட்டும் கோணங்களும் விகிதங்களுமான வெட்டைப் பற்றி இத்தனை பேர் கேட்டிருப்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. சக்கரத்தின் முன் உட்கார்ந்து பட்டை தீட்டிப் பழகியவன் நான். கல்லின் நிறமும் தூய்மையும் பூமிக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. டாலடிப்பு மட்டுமே தீட்டுபவரின் கையில் இருக்கிறது.

பதில்களுக்கு முன் உறுப்புகளின் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வட்ட வைரத்தின் உச்சியில் இருக்கும் பெரிய தட்டைப் பட்டை டேபிள். அதைச் சுற்றிச் சரிந்து இறங்கும் மேல்பகுதி கிரௌன். கல்லைச் சுற்றி ஓடும் வெளிவிளிம்பு கர்டில். அதற்குக் கீழே கூம்பாக இறங்குவது பெவிலியன். கூம்பின் நுனி க்யூலெட்.

கேள்வி: இரண்டு வட்ட வைரங்களின் சான்றிதழ்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். எடை, நிறம், தூய்மை எல்லாம் ஒன்றே. மொத்த ஆழம்கூட இரண்டிலும் 61.3 சதவீதம். ஆனால் ஒன்று டாலடிக்கிறது; மற்றொன்று நடுவில் வெளிறிச் சோர்ந்து தெரிகிறது. இது எப்படி?
– மோதிரம் வாங்கவிருக்கும் வாசகர்

மொத்த ஆழம் என்பது ஒரு கூட்டுத்தொகை. கிரௌனின் உயரம், கர்டிலின் தடிமன், பெவிலியனின் ஆழம் ஆகிய மூன்றையும் கூட்டி, அது கல்லின் விட்டத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறார்கள். கூட்டுத்தொகை ஒன்றாக இருப்பதால் உள்ளே இருக்கும் எண்களும் ஒன்றாகிவிடாது.

நீங்கள் எழுதி அனுப்பிய விவரத்தைப் பிரித்துப் பார்த்தேன். முதல் கல்லில் டேபிளின் அகலம் விட்டத்தில் 56 சதவீதம், கிரௌன் கோணம் 34.5 டிகிரி, பெவிலியன் கோணம் 40.8 டிகிரி (கோணங்கள் கர்டிலின் தளத்திலிருந்து அளந்தவை). இரண்டாவதில் டேபிள் 60, கிரௌன் 36, பெவிலியன் 41.8. கணக்கு எளிது, கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போடலாம். பெவிலியன் கோணத்தின் டேன்ஜென்டை 50ஆல் பெருக்கினால் பெவிலியன் ஆழம். நூறிலிருந்து டேபிளைக் கழித்து, பாதியாக்கி, கிரௌன் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கினால் கிரௌன் உயரம்.

முதல் கல்: கிரௌன் 15.1, பெவிலியன் 43.2, கர்டில் 3, மொத்தம் 61.3. இரண்டாவது கல்: கிரௌன் 14.5, பெவிலியன் 44.7, கர்டில் 2.1, மொத்தம் அதே 61.3. இரண்டாவது கல்லில் பெவிலியன் ஒன்றரை சதவீதம் ஆழமாக இறங்கியிருக்கிறது. டேபிளை அகலமாக்கியதில் கிரௌனின் உயரமும், மெல்லிய கர்டிலில் இன்னும் கொஞ்சமும் குறைந்து, அந்த ஆழம் கூட்டுத்தொகையில் மறைந்துவிட்டது.

கோணமாகப் பார்த்தால் வித்தியாசம் பெவிலியனில் ஒரே ஒரு டிகிரி, கிரௌனில் ஒன்றரை டிகிரி. இவ்வளவுதானா என்று தோன்றும். பெவிலியனில் ஒரு டிகிரி என்பது சிறிய விஷயமே அல்ல. ஏன் என்பதை அடுத்த கடிதத்துக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டாவது கல்லில் பெவிலியனும் சரிவு மிகுந்தது, கிரௌனும் சரிவு மிகுந்தது. ஒன்றின் மிகுதியை மற்றது ஈடுகட்டியிருந்தால் கல் தப்பித்திருக்கும். இங்கே இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து இழுக்கின்றன. நடுவில் நீங்கள் பார்த்த வெளிறல், ஒளி கீழ்ப்பக்கமாகக் கசிந்து போவதால் வருவது.

கேள்வி: முழு அக எதிரொளிப்பால்தான் வைரம் ஜொலிக்கிறது என்று படித்திருக்கிறேன். வைரத்தின் மாறுநிலைக் கோணம் 24 டிகிரியை ஒட்டியது. அப்படியானால் பெவிலியன் கோணம் 30 ஆனாலும் 45 ஆனாலும் ஒளி திரும்பிவிட வேண்டுமே! பிறகு ஏன் 40.8க்கும் 41.8க்கும் இவ்வளவு சண்டை?
– இயற்பியல் பயிலும் மாணவி

நல்ல கேள்வி அம்மா. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும் இடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒளியை உள்ளே திருப்புவது பாதி வேலை. திருப்பிய ஒளி மேலே வந்து வெளியேறவும் வேண்டும். உள்ளே திரும்புவதற்கு உதவும் அதே விதி, வெளியேறும் வாசலில் ஒளியைத் தடுக்கவும் செய்யும்.

ஒரே ஒரு கதிரைப் பின்தொடர்வோம். வைரத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, 2.417. மாறுநிலைக் கோணம் 24.4 டிகிரி: பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால், இதைவிடச் சாய்வாக உள்ளிருந்து விழும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளே திரும்பிவிடும்; அதுவே முழு அக எதிரொளிப்பு. பெவிலியன் 40.75, கிரௌன் 34.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லைக் குறுக்காகப் பிளந்த படம் ஒன்றைத் தாளில் வரைந்துகொண்டால் நல்லது.

டேபிளுக்குள் கதிர் நேர் செங்குத்தாக இறங்குகிறது. பெவிலியன் பட்டையில் அது விழும் கோணம் 40.75. இது 24.4ஐத் தாண்டியது, கசிவில்லை. அங்கிருந்து திரும்பி, கிடைமட்டத்துக்கு 8.5 டிகிரி மேல்நோக்கியபடி கல்லின் குறுக்கே ஓடி, எதிர்ப்பக்கப் பட்டையில் 57.75 டிகிரியில் விழுகிறது. அங்கும் முழு எதிரொளிப்பு. இப்போது கதிர் மேலே ஏறுகிறது; செங்குத்திலிருந்து 17 டிகிரி சாய்வு.

அதற்கு இரண்டு வாசல்கள். டேபிளை அடைந்தால் 17 டிகிரியில் விழுந்து, விலகி, 45 டிகிரி சாய்வில் வெளியே வரும். கிரௌன் பட்டையை அடைந்தால், அந்தப் பட்டையே 34.5 டிகிரி சாய்ந்திருப்பதால், 34.5இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும்: 17.5. அங்கும் தடையில்லாமல் வெளியேறி, செங்குத்துக்கு ஏறத்தாழ 12 டிகிரி பக்கத்தில் கண்ணை நோக்கி வரும். ஒரு வாசலில் 17, மற்றதில் 17.5. இரண்டும் 24.4க்குள் வசதியாக அடங்குகின்றன. முதன்முதலாக இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

இனி பெவிலியனை மட்டும் மாற்றுங்கள். சமதள ஆடியைத் திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரண்டு மடங்கு திரும்பும் என்று படித்திருப்பீர்கள். பெவிலியனில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பட்டைகளும் சேர்ந்தே சாய்கின்றன. ஆகவே இரண்டு முறை இரட்டிப்பு. மேலே ஏறும் கதிரின் சாய்வு, 180இலிருந்து பெவிலியன் கோணத்தின் நான்கு மடங்கைக் கழித்தால் கிடைப்பது. பெவிலியன் ஒரு டிகிரி கூடினால் கதிர் நான்கு டிகிரி நிமிர்கிறது.

பெவிலியன் 41.75 என்றால் கதிரின் சாய்வு 13 டிகிரி. கிரௌன் அதே 34.5 என்றால் வாசலில் விழும் கோணம் 21.5. இன்னும் வெளியேறும், ஆனால் வாசல் பாதி மூடிய நிலை. பெவிலியன் 42.75 என்றால் சாய்வு 9, வாசலில் 25.5. மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிவிட்டது. மேலே வந்த ஒளி கிரௌனில் முட்டி மீண்டும் உள்ளே திரும்பி, பெரும்பகுதி கீழே கசிகிறது.

இதற்கு மாற்று மருந்து கிரௌனில் இருக்கிறது. பெவிலியன் 41.75 ஆகிவிட்டால் கிரௌனை 30.5க்கு இறக்குங்கள். 30.5இலிருந்து 13ஐக் கழித்தால் மறுபடி அதே 17.5. அதாவது பெவிலியனில் கால் டிகிரி ஏற்றத்துக்குக் கிரௌனில் ஒரு டிகிரி இறக்கம். தொழிலில் இருப்பவர்கள் ‘பெவிலியனில் 0.2, கிரௌனில் 1’ என்று கைக்கணக்காகச் சொல்வதும் இதை ஒட்டியதுதான். எதிர்த்திசையிலும் இது பொருந்தும்: பெவிலியன் இறங்கினால் கிரௌன் ஏற வேண்டும்.

முந்தைய கடிதத்தின் இரண்டு கற்களையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். முதல் கல்லில் வாசல் கோணம் 17.7. இரண்டாவதில் 23.2, தடைக்கு ஒரு டிகிரி சொச்சமே பாக்கி. அவர் கண்ணுக்குத் தெரிந்த சோர்வு இந்த எண்ணில் இருக்கிறது.

நிறப்பொறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைரத்தின் ஒளிவிலகல் எண் சிவப்புக்கு 2.407, ஊதாவுக்கு 2.451, வித்தியாசம் 0.044. வாசலில் 17 டிகிரியில் விழும் கதிர் வெளியேறும்போது சிவப்பும் ஊதாவும் ஏறத்தாழ ஒரு டிகிரி பிரிகின்றன. 22 டிகிரியில் விழுந்தால் இரண்டு டிகிரிக்கு மேல் பிரியும். நேர் செங்குத்தாக வெளியேறினால் பிரிவே இல்லை. ஆகவே நிறம் வேண்டுமென்றால் வாசலில் சற்றுச் சாய்வு வேண்டும். சாய்வு மிகுந்தால் வாசலே மூடிவிடும். கிரௌன் கோணத்தை முடிவு செய்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

நாம் பார்த்தது ஒரு கதிர். அதுவும் முதன்மைப் பட்டைகளின் வழியாக மட்டும். உண்மையான கல்லில் க்யூலெட்டைச் சேர்க்காமல் 57 பட்டைகள் உண்டு. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி நுழைகிறது. முழுக் கணக்குக்குக் கணினி வேண்டும். ஆனாலும் ஜோடியின் தன்மையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கதிர் போதும்.

கேள்வி: டோல்கோவ்ஸ்கி சொன்ன 40.75, 34.5, 53 என்ற அளவுகள் உள்ள கல்லைத்தான் வாங்க வேண்டும் என்று நண்பர் பிடிவாதமாகச் சொல்கிறார். அது கிடைக்காவிட்டால் மற்றதெல்லாம் தரம் குறைந்ததா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

இல்லை. நண்பரின் மரியாதை சரியான மனிதருக்குத்தான் போகிறது. முடிவு மட்டும் தவறு.

ஆன்ட்வெர்ப்பில் வைரம் தீட்டும் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி, 1919இல் தம் கணக்கை வெளியிட்டார். டேபிள் 53 சதவீதம், கிரௌன் 34.5 டிகிரி, பெவிலியன் 40.75 டிகிரி. மேலே நாம் செய்ததுபோலத் தட்டையான குறுக்குவெட்டில் கதிர்களைப் பின்தொடர்ந்தே அவர் இதற்கு வந்தார். கணினி இல்லாத காலம். கர்டிலுக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்ட படம். அப்படியிருந்தும் நூறாண்டு கடந்து அந்த எண்கள் நிற்கின்றன என்றால் அந்த மூளையை வணங்கத்தான் வேண்டும்.

ஆனால் அவருக்குப் பிறகு வந்தவர்களின் எண்களைப் பாருங்கள். ஜெர்மனியில் எப்ளர் கொடுத்த வெட்டில் டேபிள் 56, கிரௌன் 33.2, பெவிலியன் 40.8. நம் கணக்கில் போட்டால் வாசல் கோணம் 16.4. ஸ்காண்டிநேவிய நாடுகளின் தர அளவு டேபிளை 57.5 ஆக்கி, கோணங்களை டோல்கோவ்ஸ்கியின்படியே வைத்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி யோன்சன், ரோஷ் இருவரின் வெட்டு: கிரௌன் 41.1, பெவிலியன் 38.7. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் விசித்திரமான எண்கள். ஒன்றில் கிரௌன் கூரையாக எழும்புகிறது, மற்றதில் பெவிலியன் தட்டையாகிவிட்டது. ஜோடியாகக் கழித்துப் பாருங்கள்: 180இலிருந்து 154.8 போக 25.2, 41.1இலிருந்து அதைக் கழித்தால் 15.9. கிரௌன் வாசலில் டோல்கோவ்ஸ்கிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஆனால் டேபிள் வாசலில் இந்தக் கதிருக்கு 25.2, அங்கே தடைபடுகிறது. எந்த வாசலுக்கு முன்னுரிமை என்பதில் ஒவ்வொரு வெட்டும் ஒரு முடிவு எடுக்கிறது.

அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. 2006 முதல் வட்ட வைரங்களுக்கு வெட்டுத் தரம் வழங்குகிறது. அதன் ‘எக்ஸலன்ட்’ தரத்தில் கிரௌன் 31.5 முதல் 36.5 வரையும், பெவிலியன் 40.6 முதல் 41.8 வரையும் வரலாம். கிரௌனுக்கு ஐந்து டிகிரி இடம், பெவிலியனுக்கு 1.2 டிகிரி மட்டும். நான்கு மடங்குக் கணக்கு இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. இந்த எல்லைகளுக்குள் இருக்கும் எந்த இரண்டு எண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 36.5ஐயும் 41.8ஐயும் ஒரே கல்லில் வைத்தால் அந்தத் தரம் கிடைக்காது.

டோல்கோவ்ஸ்கியின் எண்களை ஒரு நல்ல ஜோடிக்கு உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். 40.6உடன் 35.5, 41உடன் 34, 41.4உடன் 32 ஆகியவையும் நம் கணக்கில் தாராளமாக நிற்கும் ஜோடிகள்.

கேள்வி: ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கு வேறு கோணங்கள் தேவையா?
– நகை வடிவமைப்பு மாணவர்

தேவையில்லை. அதுவும் கரிமப் படிகமே, அதே 2.417, அதே 24.4.

கேள்வி: எந்தக் கோணத்தில் ஜொலிக்கும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கும்போது, ஆழம் மிகுந்த கற்களை ஏன் தீட்டுகிறார்கள்? கைத்திறமை போதவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

கைத்திறமை போதாமல் அப்படி நடப்பது அபூர்வம் ஐயா. தெரிந்தேதான் செய்கிறார்கள். காரணம் எடை.

கச்சா வைரம் பல நேரம் எண்முகப் படிகமாக, இரண்டு கூர்க்கோபுரங்கள் அடியோடு அடி ஒட்டிய வடிவில் கிடைக்கும். அதன் இயற்கை முகங்கள் நடுத்தளத்துக்கு 54.7 டிகிரி சாய்ந்தவை. நமக்கு வேண்டியது 41ஐ ஒட்டிய பெவிலியன். இடையில் இருக்கும் சதையெல்லாம் தூளாகச் சக்கரத்தில் போக வேண்டும். நன்றாகத் தீட்டிய வட்டக் கல்லில் கச்சாவின் எடையில் பாதியளவே மிஞ்சும். பெவிலியனை 42க்கு மேலும், கிரௌனை 36க்கு மேலும் நிறுத்தி, கர்டிலைத் தடியாக விட்டுவிட்டால் கல் எடை கூடி நிற்கும்.

அதிலும் ஒரு காரட் என்ற கோடு இருக்கிறதே, அது பொல்லாதது. முழு எண்ணைத் தொட்டதும் காரட்டுக்கான மதிப்பு தாவுவதால், 0.96இல் அழகாக முடிய வேண்டிய கல்லை 1.00இல் நிறுத்திவிடும் ஆசை பெரிது. 61 சதவீத ஆழத்தில் தீட்டிய ஒரு காரட் கல்லின் விட்டம் சுமார் 6.45 மில்லிமீட்டர். 65 சதவீத ஆழத்தில் நிறுத்தினால் அதே ஒரு காரட் சுமார் 6.3 மில்லிமீட்டர்தான். வாங்குபவர் அதே எடைக்குப் பணம் கொடுத்து, சிறியதாகத் தெரியும், ஒளி குறைந்த கல்லை வாங்கிப் போகிறார். அந்தக் கூடுதல் எடை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இருக்கிறது. இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான படிகத்தை ஒருமுறைதான் தீட்டப்போகிறோம். அதன் ஒளியைத் தராசுக்கு விற்பது எனக்கு ஒப்பவில்லை.

வேலை நடக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் டேபிள், கிரௌனில் எட்டு முதன்மைப் பட்டைகள், பெவிலியனில் எட்டு முதன்மைப் பட்டைகள்: ஆகப் பதினேழு. கல்லின் தலையெழுத்து இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு டேபிளை ஒட்டி எட்டு நட்சத்திரப் பட்டைகள், கர்டிலுக்கு மேலே பதினாறு, கீழே பதினாறு என்று நாற்பது சேரும். வைரத்தூள் தடவிய வார்ப்பிரும்புச் சக்கரத்தில் கல்லை வைத்தால் எல்லாத் திசையிலும் தீட்ட முடியாது. படிகத்துக்கு ஓர் ஓட்டம் உண்டு; அந்த ஓட்டம் பிடிபட்டால்தான் கல் தேயும். எண்முகத்தின் இயற்கை முகத்துக்கு இணையாக ஒரு பட்டை அமைந்துவிட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், கல் கொடுக்காது. ஓட்டம் எட்டுப் பட்டைகளுக்கும் ஒன்றுபோல் இருக்காது. அப்படியிருந்தும் எட்டையும் ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் சந்திக்கவைக்க வேண்டும். ஒரு பட்டையைத் தீட்டுவது, கல்லை எடுத்து லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது, கோணமானியில் வைப்பது, மறுபடி சக்கரத்தில் வைப்பது. 0.2 டிகிரிக்கு அந்தப் பொறுமை தேவைப்படுகிறது.

கேள்வி: வாங்கியபோது மின்னிய மோதிரம் சில வாரங்களில் மங்கிவிட்டது. கல்லின் மேல்பக்கத்தைத் தினமும் துடைக்கிறேன். பயனில்லை. வைரம் தேய்ந்துவிட்டதா?
– மோதிரம் அணியும் வாசகி

தேயவில்லை. நீங்கள் துடைப்பது மேல்பக்கம். அழுக்கு உட்கார்ந்திருப்பது கீழ்ப்பக்கம்.

24.4 என்ற மாறுநிலைக் கோணம், பெவிலியனுக்கு வெளியே காற்று இருக்கும்போதுதான். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் கதை மாறுகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.47, அதன் எதிரே வைரத்தின் மாறுநிலைக் கோணம் 37.5 டிகிரிக்கு ஏறிவிடும். நேர் செங்குத்தாக இறங்கும் கதிர் 40.75இல் விழுவதால் மயிரிழையில் தப்பிக்கும். ஆனால் வெளியே பத்து டிகிரி சாய்ந்து வரும் கதிர், கல்லுக்குள் நான்கு டிகிரி சாய்வாக நுழைகிறது. அது பட்டையில் 36.6 டிகிரியில் விழுந்தால், எண்ணெய்க்குள் கசிந்து போய்விடும். காற்று இருந்தபோது பதினாறு டிகிரி இருந்த பாதுகாப்பு இப்போது மூன்று டிகிரிதான்.

வைரத்துக்கு எண்ணெய் மிகவும் பிடிக்கும், தண்ணீர் ஒட்டாது. இந்தக் குணத்தை வைத்தே சுரங்கங்களில் கொழுப்பு பூசிய தளத்தின் மேல் நீரோடு சரளையை ஓடவிட்டு, ஒட்டிக்கொள்ளும் வைரத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தோலின் பிசுக்கும் களிம்பும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கின்றன. வெதுவெதுப்பான சோப்பு நீரில் மோதிரத்தைச் சற்று நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் கல்லின் அடிப்பக்கத்தை, கம்பிகளுக்கு இடையே நுழைந்து தேய்த்துக் கழுவுங்கள். பழைய மின்னல் அப்போதே திரும்பும்.

கேள்வி: சான்றிதழ் இல்லாத கல்லின் பெவிலியன் கோணத்தைக் கருவி இல்லாமல் மதிப்பிட வழி உண்டா?
– பழைய நகைகளைச் சேகரிப்பவர்

உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

கல்லைச் சுத்தமாகத் துடைத்து, டேபிள் உங்களை நேராகப் பார்க்கும்படி பிடியுங்கள். வெளிச்சம் பரவலாக இருக்கட்டும். டேபிளுக்குள் நடுவை உற்றுப் பாருங்கள். க்யூலெட்டைச் சுற்றி, மற்ற இடத்தைவிடச் சற்றுக் கருமையான ஓர் எண்கோணம் தெரியும். அது டேபிளின் பிரதிபலிப்பு. முதலில் கண்ணுக்குப் பிடிபடாது. கல்லை மிக மெதுவாக அசைத்தால் அதன் விளிம்பு நகர்வது தெரியும்.

இப்போது நடுவிலிருந்து டேபிளின் விளிம்பு வரை உள்ள தூரத்தில், அந்தக் கருமை எவ்வளவு தூரம் வருகிறது என்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் பெவிலியன் ஆழம் 43 சதவீதத்தை ஒட்டியது, கோணம் 40.8 அளவில் இருக்கும். ஐந்தில் ஒரு பங்குதான் என்றால் கோணம் 40ஐ ஒட்டி இறங்கிவிட்டது. பாதி வரை வந்துவிட்டால் 41.8ஐ நெருங்கிவிட்டது. டேபிள் முழுவதும் கறுத்துவிட்டால் பெவிலியன் மிக ஆழம். அதை ஆணித்தலை என்பார்கள். கருமைக்குப் பதிலாக டேபிளின் ஓரத்துக்குள் வெளுத்த வளையம் ஒன்று தெரிந்தால், அது கர்டிலின் பிரதிபலிப்பு. பெவிலியன் மிகத் தட்டை என்று பொருள். அதற்கு மீன்கண் என்று பெயர்.

உங்கள் பழைய நகைகளில் சிறிய டேபிளும் உயர்ந்த கிரௌனும் க்யூலெட்டில் தட்டையான சிறு பட்டையும் கொண்ட கற்கள் இருக்கலாம். அவற்றை இந்த அளவுகோலால் அளந்து கழித்துவிடாதீர்கள். இந்த விகிதங்கள் 55 முதல் 60 சதவீத டேபிளுக்கானவை. உயர்ந்த கிரௌன் கொடுக்கும் அகன்ற நிறப்பொறிகளுக்கு அவற்றுக்கே உரிய அழகு உண்டு. யாராவது புதிய முறையில் மறுபடி தீட்டித் தருகிறேன் என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: கிரௌன் 32, பெவிலியன் 40.2 உள்ள கல் தட்டையாக இருக்கிறது, வேண்டாம் என்கிறார் ஒருவர். தோடுக்கு நல்லது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
– தோடு வாங்க விரும்புபவர்

இருவரும் சரி. இந்தக் கல்லில் ஒளி கசியாது. நம் கணக்கில் கதிரின் சாய்வு 19.2, வாசலில் 12.8. தாராளமாகத் திறந்த வாசல். வெளியேறும் திசையைக் கணக்கிட்டால், ஏறத்தாழ நேர் செங்குத்தாக மேலே வருகிறது. சிக்கலும் அதில்தான். மேலிருந்து நேராகப் பார்ப்பவருக்கு அந்தப் பாதையின் மறுமுனையில் இருப்பது அவருடைய தலையே. விளக்கை மறைக்கும் தலையைக் கல் உண்மையாகவே திருப்பிக் காட்டுகிறது. அதனால் கிட்டத்தில் கறுத்துத் தெரியும். 34.5, 40.8 ஜோடியில் வெளியேறிய கதிர் செங்குத்திலிருந்து 12, 13 டிகிரி சாய்ந்திருக்கும். தலையின் ஓரம் வரும் இடம் அது. கல் லேசாக அசைந்தாலும் கறுப்பு வெளிச்சமாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் மாறும்; அந்த மாற்றம்தான் மினுக்கு.

மோதிரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்போம். தோட்டை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டடி தள்ளி நிற்பவரின் தலை, கல்லுக்கு மிகக் குறுகிய கோணத்தையே மறைக்கும். ஆகவே தோடுக்கும் பதக்கத்துக்கும் இந்தக் கல்லை வாங்கலாம். மோதிரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இரண்டு சான்றிதழ்களிலும் கிரௌன் 35, பெவிலியன் 41 என்றே இருக்கிறது. இனி கண்ணால் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?
– இணையவழி வாங்குபவர்

கட்டாயம் பாருங்கள். ஜி.ஐ.ஏ. சான்றிதழில் பெவிலியன் கோணம் 0.2க்கும், கிரௌன் கோணம் 0.5க்கும் முழுமையாக்கப்பட்டு அச்சாகிறது. அதுவும் எட்டுப் பட்டைகளின் சராசரி. எட்டும் 41இல் நிற்கும் கல்லுக்கும், 40.5க்கும் 41.5க்கும் இடையே அலைந்து சராசரியில் 41 ஆகும் கல்லுக்கும் தாளில் ஒரே எண்தான். நான்கு மடங்கை நினைவில் வையுங்கள்: அலையும் கல்லில் கதிர்கள் நான்கு டிகிரி வரை சிதறுகின்றன. முடிந்தால் கல்லைச் சுற்றவிட்டு எடுத்த ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். அதில் எட்டுக் கோணங்களும் தனித்தனியே இருக்கும்.

கேள்வி: ஓவல் வைரங்களின் நடுவில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி போலத் தெரிகிறதே, அது குறையா? ஓவலுக்குச் சரியான கோணம் என்ன?
– இளம் வாசகி

வட்டத்துக்குச் சொன்னதுபோல் ஒற்றை எண் ஓவலுக்குச் சொல்ல முடியாது. 8 மில்லிமீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் அகலம், 2.6 மில்லிமீட்டர் பெவிலியன் ஆழம் உள்ள கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகலவாக்கில் கர்டிலிலிருந்து க்யூலெட் வரை சரிவு 40.9 டிகிரி. நீளவாக்கில் அதே ஆழத்துக்கு இறங்க 4 மில்லிமீட்டர் தூரம் இருப்பதால் சரிவு 33 டிகிரிதான். ஒரே கல்லுக்குள் கோணம் பட்டைக்குப் பட்டை மாறுகிறது. தீட்டுபவர் பட்டைகளை உடைத்தும் திருப்பியும் இதைச் சமாளிக்கிறார். எவ்வளவு சமாளித்தாலும், நடுப்பகுதியின் சில பட்டைகள் பார்ப்பவரின் தலையைக் காட்டிவிடுகின்றன. அதுதான் நீங்கள் பார்க்கும் கறுப்பு.

லேசான கறுப்பு குறை அல்ல; அது இருந்தால்தான் சுற்றியுள்ள வெளிச்சம் எடுப்பாகத் தெரியும். கல்லைக் கையில் வாங்கி முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது கறுப்பு உடைந்து வெளிச்சத்தோடு இடம் மாறினால் தாராளமாக வாங்குங்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் கறுப்பு அதே இடத்தில் அசையாமல் கிடந்தால், அந்தக் கல்லை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.